கல்மேட்டுக்கு ஏற்ற நாய்

செவ்வாய்க்கிழமை, மாலை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருக்க வேண்டும். அதுதான் எனக்கு முதலில் எழுத வேண்டியது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உன் கூட்டாளியிடம் கப்பல் பட்டறை முகவரியை வாங்கி எழுதுகிறேன். வெல்டிங் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கடிதத்திடம் சொல்ல முடியாது. கிழித்துப் போடுவதற்காவது ஒரு தடவை பிரித்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே மூன்று நாளாக மழை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்பதால் வீடு முழுக்கச் சீருடைத் துணிதான். பாவாடைக்கு மடிப்பு எடுத்து எடுத்துக் கட்டைவிரல் மரத்துப் போய்விட்டது. அக்கா வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு வந்து, இருக்கிற வேலையை இரண்டு மடங்காக்கிவிட்டுப் போகிறாள். அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. போன வருஷத்திலிருந்தே அவர் கல் உடைக்கும் ஆலைக்குப் போவதில்லை. மருத்துவர் மருந்தை மாற்றியிருக்கிறார். காற்று வரட்டும் என்று கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறோம். நான் தைக்க உட்கார்ந்தால் அவர் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. தையல்தான் கோணிப்போகிறது.

எழுத வந்தது ஒரு நாயைப் பற்றி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிடாதே.

அப்பா நாய் வேண்டும் என்கிறார். காவலுக்கு இல்லை. முயலுக்கு, அதுவும் குவாரிக்குப் பின்னால் இருக்கிற கல்மேட்டில் ஓடுவதற்கு. நாற்றுப் பண்ணைக்காரரின் பாத்திகளை முயல்கள் மறுபடி சூறையாடுகின்றனவாம். எப்போது வருகிறீர்கள் என்று அவர் ஆள் விட்டுக் கேட்டார். கேட்ட நாளிலிருந்து அப்பாவுக்கு இதே நினைப்பு. குளியலறைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நிற்கிற மனிதர். நாய் பின்னால் யார் ஓடுவது என்று கேட்டேன். ஓடுவது நாயின் வேலை, பார்த்து வாங்குவதுதான் தன் வேலை என்றார். போய்ப் பார்க்கவும் அவரால் முடியாது. ஆக, அந்த வேலை என் தலையில் விழுந்தது. நாய் வளர்க்கிறவர்கள் வீட்டு வாசலில் இஞ்ச் டேப்போடு போய் நிற்கிற முதல் தையல்காரி நானாகத்தான் இருப்பேன்.

முதலில் மரக்கடைக்காரரின் நாய். நல்ல கறுப்பு. தோள்பட்டை உயரம் இருபத்தெட்டு அங்குலம். கால்கள் நீளமாக, நரம்பு தெரிய, பார்க்கவே அழகு. வீட்டுக்கு வந்து அளவைப் படித்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்கு நல்லதா ஒரு சட்டை தைச்சுக் கொடு. மேட்டுக்கு வேணாம்" என்றார். உயரமான நாய் சமதரையில்தான் பறக்குமாம். கல்லுக்கு நடுவே திரும்பும்போது அந்த நீளக் காலே அதற்கு எதிரியாகுமாம். அடுத்தது இறைச்சிக் கடைக்காரரின் நாய். குட்டையாக, கட்டுமஸ்தாக இருந்தது. மார்பு அகலத்தை அளந்து சொன்னேன். இது முயலைப் பிடிப்பதற்குள் முயலுக்கே வயதாகிவிடும் என்று அதையும் கழித்துவிட்டார். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க வெகுநேரம் ஆனது.

உன் வெள்ளை நாயை நான் மறக்கவில்லை, கண்ணு. முதல் சம்பளத்தில் நீ அதைக் கூட்டிவந்த நாளும் நினைவிருக்கிறது. இது மைதானத்து நாய், நம் மேட்டுக்கு ஆகாது என்று அவர் வாசலிலேயே சொன்னதும், ஒரு மாதம் நீங்கள் இருவரும் சோற்றுத் தட்டுக்கு மேலேயே சண்டை போட்டதும் நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்குப் போயிருந்தபோது அவர் அதை மேட்டுக்குக் கூட்டிப்போனார். பாறைப் பிளவில் இரண்டு முன்னங்கால்களும் முறிந்து போயின. நீ திரும்பி வந்தபோது ஆணியில் வெறும் கயிறுதான் தொங்கியது. நீ அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "ஜெயிச்சிட்டீங்களா?" என்று. மூன்று வாரத்தில் நீ கிளம்பிப் போனாய். நான்கு வருஷம் ஆகிறது.

பழையதைக் கிளற இதை எழுதவில்லை. நீயும் சின்ன வயதிலிருந்து அந்த மேட்டில் ஓடினவன். எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. எப்படிப்பட்டதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். எனக்காக எழுது. அப்பா கேட்டதாக நினைக்காதே, அவர் கேட்கவில்லை.

உன் நலமே நினைக்கும்,
அம்மா


வெள்ளிக்கிழமை

அன்பு மகனுக்கு,

உன் பதில் போன வாரமே வந்தது. மூன்று வரியை மடித்து அனுப்ப இவ்வளவு பெரிய உறையா என்று தபாலில் வந்ததைப் பார்த்து அக்கா கேட்டாள். எனக்கு அந்த மூன்று வரியே அதிகம்.

உயரம் இருபத்துநாலைத் தாண்ட வேண்டாம், பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், முடி கொஞ்சம் முரடாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். உரக்கப் படித்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மறுபடி படிக்கச் சொன்னார். உயரம் என்று வந்த இடத்தை மட்டும் மூன்றாம் தடவை படிக்கச் சொன்னார். அன்று காலைதான் அவரும் எனக்கு அதே அளவைச் சொல்லியிருந்தார். கடிதத்தை வாங்கித் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். இப்போது கண்ணாடி வெளியே மேஜையில் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவரிடம் ஒரு கலப்பு இனம். தாய் நெட்டையான ஓட்ட நாய். தகப்பன் முயல் வளையைத் தோண்டுகிற சின்ன முரட்டு நாய். போன வருஷத்து ஈற்றில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் மிச்சம் இருந்தன. பத்து மாதம் ஆன நாய்கள்.

நீ சொன்னபடி பாதத்தைக் கையில் எடுத்தேன். முதலில் பயம்தான். அது என் முகத்தை நக்க வந்தபோது நானும் கத்தினேன், தபால்காரரும் கத்தினார். பிறகு பழகிவிட்டது. ஆண் நாயின் விரல்கள் விரித்த கைபோல அகன்றிருந்தன. பெண் நாயின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூடிய கைபோல இருந்தன. அடிச்சதை கெட்டியாக, தேய்ந்த செருப்புத் தோல் மாதிரி. அகன்ற விரல் என்றால் கல்லிடுக்கில் சிக்கி நகம் பிய்ந்துவிடும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மார்புக்கூடு ஆழமாக இருக்க வேண்டும், ஆனால் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே என் கை நான்கு விரலுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் அளந்து, தைக்கக் கொடுக்கிறவர்களின் அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதிக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியையின் இடுப்பளவு இருக்கிறது. யாரிடமும் சொல்லிவிடாதே.

அளவு மட்டும் போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். தபால்காரர் நல்ல மனிதர். இரண்டையும் நம் தெருவுக்கே கூட்டிவந்தார். எதிர்வீட்டை இடித்துப் போட்டிருக்கிறார்கள். செங்கல்லும் கம்பியும் உடைந்த ஓடுமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆக்சிஜன் உருளையைப் பக்கத்தில் நிறுத்தினோம். ஆக்சிஜனைப் பற்றிப் போன கடிதத்தில் நான் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று தபால்காரர் கூப்பிட்டார். ஆண் நாய் ஒரே தாவலில் உச்சிக்கு ஏறி, மறு தாவலில் அவர் காலடியில் போய் நின்றது. தெருவே கை தட்டியது. பெண் நாய் பாதி ஏறியதும் நின்றது. கீழே பார்த்தது. ஒரு கல்லில் காலை வைத்து, அது ஆடியதும் எடுத்து, வேறு கல்லில் வைத்தது. ஆனால் வழி பிடிபட்ட பிறகு அது ஏறி அந்தப் பக்கம் இறங்கிய வேகத்தை என் கண்ணால் பின்தொடர முடியவில்லை. தபால்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இது கொஞ்சம் பயந்த சுபாவம், நீங்கள் ஆணையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா பெண் நாயைத்தான் காட்டினார்.

"அது பயப்படல. யோசிக்குது" என்றார்.

இனி எழுதப் போவதை எழுதக் கூடாது என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சரி என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று மதியம் நான் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தேன். புது நாய் கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவர், அன்றைக்கு ஏன் அந்த வெள்ளை நாயை மேட்டுக்குக் கூட்டிப்போனீர்கள் என்று கேட்டுவிட்டேன். நான்கு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. மிஷின் ஓடுகிற சத்தத்தில் கேட்டால் அவருக்குக் கேட்காமலே போகலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன். மிஷினை நிறுத்தச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது முதல் தடவை இல்லையாம். அதற்கு முன் இரண்டு வாரமாக, நீ காலை வேலைக்குப் போகும்போதெல்லாம் அவர் அதைக் கூட்டிப் போயிருக்கிறார். முதலில் புல்வெளிக்கு, பிறகு சரளைப் பாதைக்கு, பிறகு மேட்டின் அடிவாரத்துக்கு. அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தால் எந்த ஓட்டத்திலும் அது நிற்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார். அதுவும் நிற்கக் கற்றுக்கொண்டதாம். இன்னும் ஒரு வாரம் போனால் உன்னிடம் காட்டலாம் என்று இருந்தாராம்.

"அவன் வாங்கின நாய் தோத்துடக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று அடிவாரத்தில் ஒரு முயல் எழுந்திருக்கிறது. நாய் அதன் பின்னால் நேராகப் பிளவைப் பார்த்து ஓடியிருக்கிறது. நிறுத்த அவருக்கு நேரம் இருந்ததாம். விரலை வாயில் வைத்தார். ஊதினார். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். "காத்தே வரல எனக்கு" என்றார். வாயில் விரலை வைத்துக்கொண்டே அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தூக்கிவரவும் மூச்சு இல்லை. பண்ணைக்காரர் வண்டி கொண்டுவரும் வரைக்கும் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கால்நடை மருத்துவர் ஊசி போட்டபோதும் தலை அவர் மடியில்தான் இருந்ததாம்.

அதற்கு ஒரு மாதம் முன்பே ஆலை மருத்துவர் அவர் நுரையீரல் படத்தைப் பார்த்துக் கல்தூசி படிந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். எனக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்கு அப்போதுதான் கப்பல் பட்டறையிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

"விசில் வரலன்னு சொன்னா ஏன் வரலன்னு கேப்பான். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவான். அப்புறம் அவனும் இங்கயே, இந்தத் தூசிலயே கெடப்பான். கோவத்தோட போனா போயிடுவான்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கண்ணு. கோபம்தான் வந்தது. உன்னோடு சேர்ந்து நானும் நான்கு வருஷம் அவரைத் தப்பாக நினைக்கும்படி விட்டுவிட்டாரே என்ற கோபம். மிஷினை ஓட்டினேன். சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் பூட்டி, முழுவதும் பிரித்து மறுபடி தைத்தேன்.

மருத்துவர் இப்போது மருந்து மாற்றுவதில்லை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உன்னால் எப்போது முடியுமோ அப்போது ஒரு தடவை போன் செய். நான் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அம்மா


புதன்கிழமை

அன்பு மகனுக்கு,

எல்லாரும் போய்விட்டார்கள். அக்காவும் நேற்றுக் கிளம்பினாள். வீடு பெருக்கி, துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

புயலில் கரைக்கு வருகிற படகு நின்றுபோய் நீ துறைமுகத்திலேயே இரண்டு நாள் காத்துக் கிடந்ததை உன் மேலதிகாரி சொன்னார். அடக்கத்துக்கு நீ வர முடியாமல் போனதை இங்கே யாரும் குறையாகப் பேசவில்லை. ஒரே ஒருவர் பேசினார். அவருக்கு உன் அக்கா கொடுத்த பதிலில் அவர் காபி குடிக்காமலே எழுந்து போனார். நீ அதை நினைத்து மருகாதே. போனில் நீங்கள் இருவரும் பேசினீர்கள். பதினெட்டு நிமிஷம். அடுப்படிக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தேன், சொன்னபடியே போனேன், கதவையும் சாத்திக்கொண்டேன். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, நாயைப் பற்றித்தான் என்றார். பதினெட்டு நிமிஷமும் நாயைப் பற்றியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்.

நீ பேசிய மறுநாள் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். போனில் அழுகைக்கு நடுவே சொல்ல முடியவில்லை.

மேட்டுக்குப் போக வேண்டும் என்றார். மருத்துவர் வேண்டாம் என்றார். அக்கா வேண்டவே வேண்டாம் என்றாள். நான் பண்ணைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் நாற்று ஏற்றுகிற வண்டியில் மெத்தை விரித்துக் கொண்டுவந்தார். நாற்காலி, உருளை, அப்பா, நாய், நான். காலை வெயில் நன்றாக இருந்தது. அடிவாரத்தில், நீங்கள் உட்கார்ந்து பீடியும் ரொட்டியும் பங்கு போட்டுக்கொள்வீர்களே, அந்தத் தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டோம். பீடி எனக்கு அப்போதே தெரியும்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு முயல் புதரிலிருந்து கிளம்பியது. நான் கயிற்றை விட்டேன். இந்த நாய் முயல் பின்னால் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. தரையோடு தரையாக, முதுகு வளைந்து நிமிர, கல்லுக்குக் கல் பாதம் பட்டதும் தெரியாமல் ஓடியது. முயல் நேராகப் பிளவைப் பார்த்துப் போனது. அப்பா என் கையைப் பிடித்தார். மூச்சில்லாத மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, விரல் அடையாளம் இரண்டு நாள் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. விசில் அடிக்க அங்கே யாரும் இல்லை. பிளவுக்கு நாலு முழம் முன்னால் நாய் பின்னங்காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி, அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தது. ஓரமாகச் சுற்றி அந்தப் பக்கம் போனது. அதற்குள் முயல் போயே போய்விட்டது.

பண்ணைக்காரர் உச்சுக் கொட்டினார். அப்பா சிரித்தார், கண்ணு. இருமல் வராத சிரிப்பு.

"போனா போகுது. நாலு காலும் இருக்குல்ல" என்றார்.

நாய் திரும்பி வந்து அவர் முழங்காலில் தலையை வைத்தது. அவர் நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கு ஐந்தாம் நாள் காலை. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பத்தவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவர் தன் கண்ணாடியை எடுத்து நீட்டினார், இதைப் போட்டுப் பார் என்று. போட்டுக்கொண்டு கோத்தேன். நூல் ஏறியதும் அவரிடம் காட்டத் திரும்பியபோது அவர் இல்லை. அவ்வளவுதான். வலிக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. இந்த நாய்க்குப் பெயர் இல்லை. தபால்காரர் எல்லா நாயையும் ஏய் என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்த அன்றே அக்காவின் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் வைக்கப் பார்த்தார்கள். அப்பா விடவில்லை. நாய் யாருடையதோ அவன் வைக்க வேண்டும் என்றார். யாருடையது என்று பிள்ளைகள் கேட்டன. அவர் அதன் காதை நீவிக்கொண்டிருந்தார். உன்னிடம் போனில் சொன்னாரோ என்னவோ எனக்குத் தெரியாது. சொல்லாமலும் இருந்திருப்பார், உங்கள் இருவரின் வழக்கமே அதுதானே.

அது இப்போது கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறது. கட்டிலை நான் இன்னும் உள்ளே நகர்த்தவில்லை. சோறு வைத்தால் தட்டைப் பார்ப்பதில்லை, வாசலைப் பார்க்கிறது. தெருவில் எந்த ஆண்குரல் கேட்டாலும் எழுந்து நிற்கிறது. எனக்கு அதை என்ன சொல்லி உட்காரவைப்பது என்று தெரியவில்லை.

விடுப்பு ஒரு வாரம் கிடைத்தாலும் போதும். மேட்டுக்குப் போக வேண்டாம் என்றால் போக வேண்டாம். என்னோடு பேச வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, நான் தைத்துக்கொண்டிருப்பேன். நீ நடக்கிற இடமெல்லாம் தரை உன்னைத் தாங்கட்டும். நீ வருகிற வரைக்கும் நான் இதை இந்தா, இந்தா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கிறது, ஆனால் வருவதில்லை. வந்து ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடு, கண்ணு.

உன் அம்மா